அவள் பேசியது தமிழ் இல்லை

1. தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பூஜை விடுமுறையில், கல்கத்தாவிலிருந்து நாங்கள் நான்கு பெண்கள் சிக்கிமில் ஜோங்ரி என்ற மலைமேட்டுக்கு நடந்து ஏறினோம். அது ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரம்.

2. கடைசி ஏற்றத்தில் நான் முன்னால் போய்விட்டேன். மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள்.

3. அந்த மூவரில் ஒருத்தி தமிழ்ப்பெண். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

4. கூட வந்த வங்காளிப் பெண்கள் இருவரும் அவள் தமிழ் பேசுகிறாள் என்று நினைத்தார்கள்.

5. அது தமிழ் இல்லை.

6. வங்காளியும் இல்லை.

கடைசி இரண்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. எழுதிவிட்டு, வேறு யாருடைய கதையோ என்பதுபோல மறுபடி படித்துப் பார்க்கிறேன்.

அவள் எங்கள் கீழ்வீட்டுக்காரி. கிடர்பூரில் துறைமுகக் குடியிருப்பில் நாங்கள் மூன்றாவது மாடி, அவர்கள் இரண்டாவது. இரண்டு அப்பாக்களும் துறைமுகத்தில் வேலை. நாங்கள் திருச்சிப் பக்கம், அவர்கள் திருநெல்வேலி. ஆனால் அவள் பிறந்ததே கல்கத்தாவில். பள்ளிக்கூடம், சண்டை, சினேகிதம், சினிமா எல்லாம் அவளுக்கு வங்காளியில்தான். வீட்டில் பேசும் தமிழ் வீட்டோடு நின்றுவிடும். சாப்பாடு, உறவுமுறை, திட்டு, துணிமணி, உடம்புக்கு வரும் சின்னச் சின்ன நோவு, இவற்றுக்கெல்லாம் அவளிடம் சொல் இருந்தது. அதற்கு மேல் போனால் வங்காளி உள்ளே நுழைந்துவிடும். "அந்த ஆளு கேமொன் முழிக்கான் பாரு" என்பாள். 'எப்படி' என்ற சொல் அவளுக்கு வந்ததே இல்லை.

இந்த அரைத் தமிழுக்கு எங்களிடம் ஒரு பெரிய உபயோகம் இருந்தது. பஸ்ஸிலும் கடையிலும் மற்றவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே பேசலாம். பேரம் பேசும்போது எவ்வளவு வரை போகலாம் என்று கடைக்காரர் எதிரிலேயே முடிவு செய்யலாம். எங்கள் வங்காளி சினேகிதிகள் இருவருக்கும் இது பழகிவிட்டது. நாங்கள் இருவரும் தமிழில் இறங்கினால் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள், அறையில் யாரோ உடை மாற்றும்போது திரும்பி நின்றுகொள்வதைப் போல. கேலியும் உண்டு, தமிழ் அவர்கள் காதில் அண்டு குண்டு என்றுதான் விழும்.

"ஆரம்பிச்சாச்சு பாபா, அண்டு குண்டு. வா, நாம தள்ளிப் போய் டீ குடிக்கலாம்."

ஆனால் என்ன சொன்னீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று இருவருமே நினைத்தார்கள்.

அந்த இருவரும் என்னோடு இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளவுக் கருவிகள் பற்றிய பொறியியல், படித்தவர்கள். ஒருத்தி டாலிகஞ்சில் ஒரு ஹோமியோபதி டாக்டரின் மகள். இன்னொருத்தி எங்கள் வகுப்பிலேயே உயரமானவள், அதனால் பெயரே நெட்டை. மலைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். வங்காளி வீடுகளில் பூஜை விடுமுறைக்கு எங்கேயாவது கிளம்பியே ஆகவேண்டும். அந்த வருஷம் பூரிக் கடற்கரையும் வேண்டாம், டார்ஜிலிங்கும் வேண்டாம், உண்மையான மலை வேண்டும் என்றாள்.

கல்கத்தாவில் மலைக்குத் தயாராவது சுலபமில்லை. ஊரே தட்டு மாதிரி இருக்கிறது. காலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். அதில் மூச்சு வாங்கவே இல்லை. பிறகு ஏரிப் பக்கத்து மெட்ரோ நிலையத்தின் படிகளைப் பிடித்தோம். முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஏறி இறங்கினோம். சில நாள் கழித்து அங்கிருந்த காவலர் எங்களை நிறுத்தினார்.

"டிக்கெட் இருக்கா?"

"இருக்கு தாதா." வங்காளியில் தாதா என்றால் அண்ணன்.

"அப்ப ஏன் ரயில்ல ஏற மாட்டேங்கறீங்க?"

நெட்டை ரொம்ப அடக்கமாக, "மனசு வரலை தாதா" என்றாள். அதன்பிறகு எங்கள் குடியிருப்பு மாடிப்படிகளுக்கே திரும்பிவிட்டோம். எல்லோருக்கும் குரங்குக் குல்லா வாங்கினோம். தூங்கும் பைகளை வாடகைக்கு எடுத்தோம். டாக்டர் மகளின் அப்பா, உயரத்தில் தலைசுற்றாமல் இருக்கச் சின்னச் சின்ன சர்க்கரை உருண்டைகள் கொடுத்து அனுப்பினார். நான் என் அலுவலக டாக்டரைக் கேட்டு வேறு மாத்திரை வாங்கிக்கொண்டேன். உயர நோய் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. முற்றினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். இதை மூவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து ஒப்பித்தேன்.

"பேச்சு குழறினா எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று நெட்டை கேட்டாள். "இவ எப்பவும் அப்படித்தானே பேசறா?" என்று கீழ்வீட்டுக்காரியைக் காட்டினாள். அவள் தலையணையை எடுத்து அடித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

கிளம்பும் நாள் அவள் அம்மா பருப்புப் பொடியும் தேங்காய் எண்ணெயும் கட்டிக் கொடுத்தார். என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ஏட்டி, இவ தலைய வலிக்குன்னா வாயத் தொறக்க மாட்டா. சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான். நீதான் கேட்டுக் கேட்டுப் பாக்கணும், என்ன?"

"கேக்கறேன் அத்தை."

கேட்கவும் செய்தேன். மலையில் ஒவ்வொரு காலையும் எல்லோரிடமும் மூன்று கேள்வி: தலை எப்படி, வயிறு எப்படி, தூக்கம் எப்படி. ஜோங்ரிக்கு முந்தைய இரவு சோக்கா என்ற சிறிய ஊரில் தங்கினோம். காலையில் அவள் தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நெட்டைக்கும். டாக்டர் மகள் தன் உருண்டைகளை எல்லோருக்கும் பகிர்ந்தாள். கிளம்பினோம்.

காட்டுக்குள் வழி மரக்கட்டைகளை அடுக்கிப் போட்டது. இரண்டு பக்கமும் பாசி தொங்கியது. எங்களோடு ஒரு வழிகாட்டியும் சுமை தூக்கும் இரண்டு பேரும் வந்தார்கள். வழிகாட்டியை தாஜு என்று கூப்பிட்டோம், நேபாளியில் அண்ணன். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம் போயிருக்கிறது, ஜோங்ரிக் குடிசையில் இடம் பிடிக்க வேண்டும், யாராவது ஒருவர் வேகமாக வாருங்கள் என்றார் தாஜு. எனக்கு மூச்சு நன்றாக இருந்தது. பாதி வழியில், சாப்பாட்டுக்கு நின்ற இடத்திலிருந்து நான் அவரோடும், தூங்கும் பைகளைச் சுமந்தவரோடும் முன்னால் போனேன். கிளம்பும்போது கீழ்வீட்டுக்காரி கட்டைமேல் உட்கார்ந்து, பருப்புப் பொடியை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஜானலாப் பக்கம் இடம் புடி" என்றாள். குழறாமல் தெளிவாகச் சொன்னாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய கணவாயைத் தாண்டி, கொஞ்சம் இறங்கினால் ஜோங்ரி. மரம் இல்லாத மேடு, புல் எல்லாம் பழுப்பு. குடிசையில் ஜன்னல் பக்கமே இடம் கிடைத்தது. தூங்கும் பைகளை விரித்துவிட்டு வெளியே வந்து காத்திருந்தேன். மேகம் ஏறி வந்தது. அந்தப் பெரிய கூட்டத்தின் பின்வரிசைகூட வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் மூவர் வரவில்லை. வந்தபோது நெட்டை முன்னால், டாக்டர் மகள் பின்னால், நடுவில் அவள். சுமை தூக்கும் ஒருவர் அவள் பையையும் சேர்த்துச் சுமந்து வந்தார்.

நெட்டை பையை இறக்கிப் போட்டாள். "உன் ஆளு இன்னிக்கு ஒரே தமிழ் ரேடியோ. நிறுத்தவே இல்லை."

"யாரோட பேசினா?"

"யாரோடயும் இல்லை. தனியா. நாங்க ரெண்டு பேரும் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே வந்தோம்."

"நடுவுல நடுவுல நிறுத்துவா," என்றாள் டாக்டர் மகள், "நாங்க சிரிக்கணும்னு. அப்ப சிரிச்சோம். உங்க ஊர்ப் பழைய கதை எதாச்சும் சொல்றாளோன்னு நினைச்சேன். அழகா இருந்தது கேக்க."

"எவ்வளவு நேரம்?"

"சாப்பிட்ட இடத்துலேருந்து. நீ போன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சா. உன்னைத்தான் தேடறான்னு நினைச்சோம்."

நானும் சிரிக்கத் தொடங்கினேன். பிறகு நிறுத்தினேன். அவளுடைய தமிழ் அவ்வளவு தூரம் வராது. சமையல், உறவு, திட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாலும் அடுத்த திருப்பத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு மலை ஏறி முடிக்கும்வரை பேச அவளிடம் தமிழ் இல்லை. இருபது வருஷமாக அவளைத் தெரிந்த எனக்கு அது தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவள் குடிசைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். குல்லா ஒரு காதுக்கு மேலே ஏறியிருந்தது. ஒரு கையில் உறை இல்லை. என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். பேசினாள்.

முதலில் எனக்கு அது வங்காளி என்றே பட்டது. அந்த உருண்டை உருண்டையான ஓசை. கடைசியில், வங்காளிகள் பேச்சை முடிக்கும் அந்த ஒரு 'தோ'. குளிரில் வாய் விறைத்துப்போய்த் தெளிவில்லாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். டாக்டர் மகளைக் கூப்பிட்டேன்.

"இவ என்ன சொல்றா? வங்காளில ஏதோ சொல்றா, எனக்குப் பிடிபடலை."

அவள் வந்து குனிந்து கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது வங்காளி இல்லை. தமிழ்தானே?"

"இல்லை."

"இல்லையா?"

"ஒரு வார்த்தைகூட இல்லை."

வேலையில் இரண்டு அளவுக் கருவிகள் இரண்டு விதமாகக் காட்டினால் மூன்றாவதைக் கொண்டுவந்து பார்ப்போம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது அவ்வளவுதான். தாஜுவைக் கூப்பிட்டு, நேபாளியா என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. அவளுக்கு நேபாளியில் அண்ணனைத் தவிர வேறு சொல் தெரியாது. அவர் காது கொடுத்துக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

நாங்கள் மூன்று பேர் அவளைச் சுற்றி நின்றோம். அவள் நிறுத்தவில்லை. எங்களை மாற்றி மாற்றிப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதில் கேள்வி இருந்தது, பதில் இருந்தது, ஒரு பகடியும் இருந்தது. எங்கே இறங்க வேண்டுமோ அங்கே குரல் இறங்கியது. பேச்சின் மெட்டு மட்டும் முழுசாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எங்களுக்குப் புரிகிறது என்றே அவள் நினைத்தாள். சிரிப்பதற்காக நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

"உங்க அம்மா பேரு என்னடி?" என்று கேட்டேன்.

நீளமாகப் பதில் சொன்னாள். அதில் அம்மா பெயர் இல்லை.

எழுந்து நிற்க வைத்தோம். குடிசை வாசலில் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் நடக்கச் சொன்னேன், கையால் காட்டி. முதல் காலைப் பலகையில் வைத்தாள். இரண்டாவது காலைப் பலகைக்கு வெளியே, ரொம்ப தூரம் தள்ளி வைத்தாள். நெட்டை பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள்.

"களைப்பு," என்றாள் நெட்டை. அவள் குரல் அவளுடையதாக இல்லை. "படுக்க வை. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

"இறங்கணும்" என்றேன். அதே நேரத்தில் தாஜுவும் அதையே ஹிந்தியில் சொன்னார்.

சாமான்களைப் பார்த்துக்கொள்ள நெட்டையைக் குடிசையில் விட்டுவிட்டு, மற்றவர்கள் கிளம்பினோம். அவள் வாசலில் நின்றுகொண்டு, கீழ்வீட்டுக்காரியின் குல்லாவை இரண்டு காதுக்கும் சரியாக இழுத்துவிட்டாள்.

ஜோங்ரியிலிருந்து இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும், அந்தக் கொடி கட்டிய கணவாய்க்கு. வரும்போது அதை ஒரு அழகான இறக்கம் என்று நினைத்திருந்தேன். சுமை தூக்கிகளில் ஒருவர் ஒரு கம்பளியை மடித்து அவளை அதில் உட்கார வைத்து, சுமைப் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் தூக்கிக்கொண்டார். இன்னொருவர் பின்னால் அவளைத் தாங்கினார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். அவள் இப்போது பேசவில்லை. அதுவும் பயமாக இருந்தது. அந்த அர்த்தமில்லாத பேச்சாவது வந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் டாக்டர் மகள். பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அவளிடம் தமிழ் எவ்வளவு இருக்கிறதோ அதை மட்டுமே வைத்து நான் கேட்டேன்.

"ஏய், இட்லிக்கு என்ன தொட்டுக்குவே? சொல்லு. மிளகாய்ப்பொடியா, சட்னியா? உங்க அம்மா என்னைத்தான் வைவா. சொல்லுடி. சோறு வேணுமா? தலை வலிக்குதா?"

மறுபக்கம் டாக்டர் மகள் வங்காளியில் கேட்டாள். மீன் கேட்டாள். பூஜைக்கு எடுத்த சேலையின் நிறம் கேட்டாள். அலுவலகத்தில் அவளுக்குப் பிடிக்காத மேலதிகாரி, பெரிய பாபுவைப் பற்றி இல்லாததும் பொல்லாததுமாகச் சொன்னாள். கணவாயைத் தாண்டினோம். சாப்பிட்ட இடத்தைத் தாண்டினோம். அவளுடைய கையுறை அங்கே கட்டைமேல் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மரங்கள் மறுபடி தொடங்கிய பிறகு, கட்டை வழியில், வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவள் முகத்தைச் சுளித்தாள்.

"சுப் கொர் தோ. துஜொனேய்."

வாயை மூடுங்கள், இரண்டு பேரும். தெளிவான வங்காளி. டாக்டர் மகள் அப்படியே கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தாஜு திரும்பிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"திட்டறா" என்றேன்.

சோக்காவில் அவள் கஞ்சி குடித்தாள். காலையில் எழுந்து, தன் இன்னொரு கையுறை எங்கே என்று கேட்டாள். கட்டைமேல் உட்கார்ந்து பருப்புப் பொடி நக்கியதுவரை அவளுக்கு நினைவு இருந்தது. அதற்குப் பிறகு, டாக்டர் மகள் அழுதுகொண்டிருந்தது. நடுவில் எதுவும் இல்லை. ஜோங்ரியை அவள் பார்க்கவே இல்லை. தமிழ் என்று நினைத்து வழியெல்லாம் ஆமா போட்டுக்கொண்டு வந்ததை டாக்டர் மகள் சொன்னாள்.

"நான் தமிழா பேசினேன்? அவ்வளவு நேரம்?" சந்தோஷமாகக் கேட்டாள். "அம்மாகிட்ட சொல்லணும்."

மறுநாள் சுமை தூக்கிகள் மறுபடி ஏறிப் போக, நெட்டையும் சாமான்களோடு இறங்கி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். சிலிகுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். உயரத்தில் மூளையில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார். "அன்னிக்கு அங்கேயே தூங்க வெச்சிருந்தா" என்று தொடங்கி, நெட்டையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். யார் தூங்க வைக்கச் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் நிறுத்திவிட்டார். நெட்டை வெளியே போய், ரயில் நிலையத்துக்கு வண்டி பிடிக்கும்வரை உள்ளே வரவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டார். மூளை, நீர், வீக்கம் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். கடைசியில் மகளிடம் ஒரே ஒரு கேள்வி.

"காலையில தலைய வலிச்சிச்சா இல்லியா?"

"ஏக்டு" என்றாள் அவள். கொஞ்சம்.

"ஏக்டாம் ஏக்டு. ஒரு நாளாவது தமிழ்ல வலிக்கா பாரு உனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாத்திரம் ஒன்று பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு குழாயைத் திறந்துவிட்டார். ரொம்ப நேரம் மூடவில்லை.

அதன்பிறகு எங்கள் நால்வருக்குள் ஒன்று மாறியது. நானும் அவளும் தமிழில் இறங்கினால் மற்ற இருவரும் திரும்பி நிற்பதில்லை. "என்ன சொன்னா?" என்று உடனே கேட்பார்கள். பஸ்ஸில், கல்யாண வீட்டில், துணிக்கடையில், எங்கேயும். ஒன்றுமில்லை, உன் பாவாடை தெரிகிறது என்றாள் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். "அவளே சொல்லட்டும், வங்காளில" என்பாள் நெட்டை. அவள் சொல்லும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ரகசியம் பேச எங்களுக்கு இப்போது மொழி இல்லை.

இப்போதைய நிலை இது. கீழ்வீட்டுக்காரி கல்கத்தாவின் நியூ டவுனில் கணவனோடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய தமிழ் அதே அளவில்தான் இருக்கிறது. நெட்டையும் டாக்டர் மகளும் வேறு மலைகளுக்குப் போய் வந்துவிட்டார்கள். நானும் அவளும் போகவில்லை. அன்று பிற்பகல் அவள் நிறுத்தி நிறுத்தி, சிரிப்பதற்கு இடம் விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தது என்ன என்று எங்கள் நால்வரில் யாருக்கும் தெரியாது.